வாசலிலிருந்து கேட் வரை முப்பத்தெட்டு அடி

"வாசற்படியிலிருந்து கேட் வரை கூழாங்கல் பாதை போட்டாகிவிட்டது. வேலை நன்றாக அமைந்தது. குழந்தை இனிமேல் மழையிலும் சிரமமின்றி நடப்பாள்."

அப்பா கும்பகோணத்திலிருந்த சித்தப்பாவுக்கு எழுதிய தபால் அட்டையில் உள்ள வரிகள் இவை. மேலே வலது ஓரத்தில் 'டாலிகஞ்ச், ஜூன் 9, வியாழன்' என்று இருக்கிறது. ஆண்டு இல்லை. அஞ்சல் முத்திரையிலும் அந்த இடத்தில் மட்டும் மை கலங்கியிருக்கிறது. ஜூன் ஒன்பது வியாழனாக வந்த ஆண்டுகளைப் பழைய நாட்காட்டிகளில் தேடினேன். எனக்குப் பத்து வயதும் அக்காவுக்குப் பதினாறும் நடந்த ஆண்டு 1966 ஒன்றுதான் பொருந்துகிறது. ஆகவே அந்த ஆண்டு என்றே கொள்கிறேன்.

சித்தப்பாவின் மகன் பழைய காகிதங்களை ஒழிக்கும்போது இந்த அட்டையை எடுத்து எனக்கு அனுப்பினான். எங்கள் வீட்டுப் பாதையைப் பற்றி எழுத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் இதுதான். இதில் முதல் இரண்டு வாக்கியங்கள் அப்பா அன்று நம்பியவை. 'குழந்தை' என்று அக்காவைச் சொல்லும் மூன்றாவது வாக்கியம் இரண்டே நாளில் பொய்யானது. அதற்குப் பிறகு நடந்ததை அப்பா யாருக்கும் எழுதவில்லை. திருத்தம் இல்லாமல் ஒரு தவறான ஆவணம் நின்றுவிடக்கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

என் வயதை ஒத்தவர்களுக்கு அந்தக் காலத்து டாலிகஞ்ச் நினைவிருக்கும். வங்காளத் தலைநகரின் தெற்கு ஓரத்தில், குளங்களையும் நெல் வயல்களையும் தூர்த்து மனைகளாக்கிய புதுக் காலனிகள். வீடு கட்டியவர்கள் எல்லோரும் முன்னால் கொஞ்சம் தோட்டம் விட்டார்கள். எங்கள் தோட்டத்தில் இரண்டு மல்லிகைக் கொடி, ஒரு செம்பருத்தி, ஒரு எலுமிச்சை, மூலையில் துளசி. ஏப்ரலில் மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஜூனில் முதல் மழை விழுந்ததும் அதே மண் கால் வைத்தால் விடாத சேறாகிவிடும். அக்டோபர் பூஜை வரை அப்படியேதான். காக்காய்க் குளியலுக்கும் தவளைக் கச்சேரிக்கும் நல்ல இடம். மனிதர்கள் நடக்க ஆகாது.

நாங்கள் சேலையையும் பாவாடையையும் தூக்கிக்கொண்டு, செங்கல் மேல் செங்கலாகக் குதித்துப் போய்விடுவோம். அக்காவால் முடியாது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய இடது காலை முழுவதும், வலது காலைப் பாதியும் எடுத்துக்கொண்டது. இடது காலில் இடுப்பு வரை இரும்புச் சட்டம், கால்களில் கனமான பூட்ஸ், இரண்டு அக்குளிலும் ஊன்றுகட்டை. காய்ந்த தரையில் அவள் நடையில் ஒரு மிடுக்குகூட உண்டு. சேற்றில் கட்டை ஒரு சாண் இறங்கும், பிடுங்க முடியாது.

அதனால் மழைக்காலத்தில் அவளுக்கு நாற்காலி. பிரம்பு நாற்காலி ஒன்றின் கைப்பிடிகளுக்குக் கீழே இரண்டு மூங்கில்களைத் தேங்காய்க் கயிற்றால் கட்டியிருந்தார் அப்பா. உட்காரும் இடத்தில் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை மடித்துத் தைத்த மெத்தை. முன்னால் அப்பா, பின்னால் பக்கத்து வீட்டு ஜேட்டு. ஜேட்டு என்றால் வங்காளத்தில் பெரியப்பா. உறவில்லை, அந்தத் தெருவுக்கே அவர் ஜேட்டு. பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தூக்கும்போது ஒவ்வொரு முறையும், "வழி விடுங்கள், ராஜகுமாரியின் பல்லக்கு வருகிறது" என்று சத்தமாகச் சொல்வார். கேட்டில் நிற்கும் கை ரிக்‌ஷாவில் அவளை ஏற்றிவிட்டு மூச்சு வாங்குவார்.

சின்ன வயதில் அக்கா அதற்குச் சிரிப்பாள். எப்போது சிரிப்பதை நிறுத்தினாள் என்று எனக்குத் தேதி தெரியாது. எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் கூடும் பையன்கள் பல்லக்கைப் பார்க்க எழுந்து நிற்க ஆரம்பித்த பிறகு என்பது மட்டும் தெரியும்.

அந்த ஆண்டு அவள் ஹையர் செகண்டரி எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். ஜூலையில் கல்லூரி. காளிகாட் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. காலை பத்து மணிக்கு வகுப்பு. அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு அலுவலகத்தில் வேலை; ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். ஜேட்டுவுக்குக் குடலிறக்கம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பல்லக்குக்கு ஆளில்லை. அக்காவோ, ஆள் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மே மாதக் கடைசியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம்பா. காலேஜுக்கு நானேதான் நடந்து போய் ரிக்‌ஷால ஏறுவேன்."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "பாதை போட்டுடறேன்," என்றார்.

அவர் சொன்னால் செய்பவர். மறு வாரமே ஒரு லாரி நிறையக் கூழாங்கல் வந்து இறங்கியது. வடக்கே ஏதோ ஆற்றிலிருந்து வந்தவை. சாம்பல், வெள்ளை, இளஞ்சிவப்பு. புறா முட்டை அளவு. ஈரம் பட்டதும் ஒவ்வொன்றிலும் ஒரு கோடோ புள்ளியோ தெரியும். நான் அவற்றுக்குள் மண்டியிட்டு அழகானவற்றைப் பொறுக்கினேன். தெருக் குழந்தைகளுக்கு வேலியருகே நின்று காட்டவும் செய்தேன். அத்தனை அழகான கல்லை வங்காள மண்ணில் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அங்கே தோண்டினால் களிமண்தான் வரும்.

ஏன் கூழாங்கல்? அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வீட்டுக்கே உரிய காரணம். கேட்டுக்குள் நுழைந்தால் யாரும் செருப்புப் போட மாட்டோம். அம்மா விடியற்காலையில் கேட் வரை வெறுங்காலோடு போய்த்தான் கோலம் போடுவாள். மல்லிகை பறிப்பதும் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் வெறுங்காலோடுதான். "குத்தற கல்லா வாங்கிண்டு வந்துடாதீங்கோ," என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு இன்னொரு கவலை. குழந்தை விழுந்தால் முட்டியைக் கிழிக்காத கல்லாக இருக்க வேண்டும். தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு சாண் கனத்துக்குப் பரப்பச் சொன்னார். பரப்பியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வாசலிலிருந்து கேட் வரை நடந்து பார்த்தார். திரும்பியும் நடந்தார். "பஞ்சு மாதிரி இருக்கு," என்றார். அம்மா நடந்தாள். நான் ஓடினேன். அன்று சாயங்காலம்தான் அட்டை எழுதினார்.

அந்த வீட்டில் பூட்ஸ் போட்டு நடப்பவள் ஒருத்திதான். அவளை நடந்து பார்க்கச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மழை பெய்து ஓய்ந்தது. அப்பாவுக்கு அரை நாள் லீவு. எல்லோரும் வாசலில் நின்றோம். ஜேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்றார். அக்கா படியிறங்கினாள். முதல் தடவை கட்டையை ஊன்றியதும் கற்கள் கலகலவென்று நகர்ந்தன. கட்டை இறங்கியது; அவள் பிடுங்கி அடுத்ததை வைத்தாள். காய்ந்த மணலில் சைக்கிள் ஓட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. எட்டு தடவை ஊன்றினாள். ஒன்பதாவதில் வலது கட்டை வழுக்கி வெளியே ஓடியது. அவள் முகம் குப்புற விழுந்தாள்.

கல் கிழிக்கவில்லை. அந்த அளவில் அப்பாவின் கணக்கு சரி. உள்ளங்கைகள் மட்டும் சிவந்திருந்தன. அம்மா மஞ்சள் அரைக்க ஓடினாள். அப்பா அக்காவைத் தூக்கப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்து, தானே புரண்டு உட்கார்ந்தாள்.

"போகப் போகப் பழகிடும்மா," என்றார் அப்பா.

அக்கா வழுக்கி ஓடிய கட்டையை எட்டி இழுத்துக்கொண்டாள்.

அன்று விளக்கேற்றிய பிறகு அப்பா தன் முடிவைச் சொன்னார். இந்த வருஷம் வீட்டிலிருந்தே படிக்கட்டும். பிரைவேட்டாகப் பரீட்சை எழுதலாம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அம்மா தலையாட்டினாள். பாசத்தால்தான் சொன்னார்கள். ஆனால் அக்காவுக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருந்தது மதிப்பெண் அல்ல, எங்கள் சொந்தத் தோட்டத்தின் முப்பத்தெட்டு அடி. அது எனக்கே அன்று புரிந்தது.

எங்கள் வீட்டுக்குத் தெற்கே இருந்த மனையில் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட்டுக்குச் செங்கல் உடைக்க ஒரு பெண்மணி வருவாள். கல் கிடைக்காத ஊரில் செங்கல்லை உடைத்துத்தானே ஜல்லி செய்ய வேண்டும். சைக்கிள் டயரிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்துக்குள் செங்கல்லை வைத்து, சில்லு தெறிக்காமல் சுத்தியால் தட்டுவாள். நாள் முழுக்க அந்த டொக் டொக். அக்காவின் ஜன்னல் அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ஜன்னல் வழியாக அவளைக் கூப்பிட்டாள். வங்காளத்தில் நடந்த பேச்சு; எனக்கு நினைவிருக்கும் அளவில் தமிழில் தருகிறேன். மாசி என்றால் சித்தி, திதிமணி என்றால் அக்கா; இரண்டும் மரியாதைக்குக் கூப்பிடுவது.

"மாசி, எங்க பாதையைப் பார்த்தியா? ஏன் கால் நிக்கல?"

அவள் வேலி ஓரம் வந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பார்த்தாள். சிரித்தாள். "இது மீன் தொட்டியில போடற கல், திதிமணி. உருண்டைக் கல்லுக்குப் பிடிமானம் ஏது? ஒண்ணை மிதிச்சா பத்து ஓடும். உடைஞ்ச கல்லுதான் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும்."

"குத்துமே?"

"இடிச்சு இறுக்கினா தரை மாதிரி ஆயிடும். டிராம் போற பாதையில என்ன, ரசகுல்லாவா போட்டிருக்கான்?"

அக்கா அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கூர்க் கல்லுல விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"அப்பா, நீங்க நான் விழறதுக்குப் பாதை போட்டிருக்கேள். நடக்கறதுக்கு ஒண்ணு போடுங்கோ."

அம்மாவின் அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அவள் எழுந்து போகவில்லை.

அப்பா கடைசியில், "மழை வந்தாச்சு. செங்கல் உடைக்க இப்போ ஆள் கிடைக்காது," என்றார். அது மறுப்பு இல்லை என்பதை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"நான் உடைக்கறேன்," என்றாள். "உட்கார்ந்து பண்ற வேலைதானே."

திங்கட்கிழமை அவள் வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். சூளையில் அதிகமாக வெந்து கருத்துப்போன செங்கல் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கியது. வங்காளத்தில் அதை ஜாமா என்பார்கள். தண்ணீர் குடிக்காது, சாதாரணச் செங்கல்லைவிடக் கெட்டி. மாசி தன் மதிய வேளைகளை எங்களுக்கு ஒதுக்கினாள். இரண்டாவது ரப்பர் வளையம் ஒன்றை வெட்டிக் கொடுத்தாள். முதல் நாள் அக்காவின் அடிகள் ஒழுங்கில்லாமல் விழுந்தன. மூன்றாம் நாள் இரண்டு சுத்திகளின் ஓசையில் எது யாருடையது என்று ஜேட்டுவால் சொல்ல முடியவில்லை. பதின்மூன்று வருஷமாக உடம்பு முழுவதையும் இரண்டு கைகளில் தூக்கிச் சுமந்தவள் அவள். அந்தத் தோள்களை நாங்கள் யாரும் தோள்களாகப் பார்த்ததே இல்லை.

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "வாசல்ல உட்கார்ந்து வயசுப் பொண்ணு செங்கல் உடைக்கறா. லேக் மார்க்கெட்ல நம்மூர் மாமிகள் கேட்டா நான் என்ன சொல்றது?"

"கணக்குல நல்ல மார்க்கு வரும்னு சொல்லும்மா," என்றாள் அக்கா, தூசிக்குள்ளிருந்து.

தாழ்வாரம் முழுவதும் செந்தூள். அதன் வாசனை, வெயிலில் காய்ந்த மண்பானையில் முதல் தண்ணீர் ஊற்றியதுபோல இருக்கும். அக்காவின் புருவம் சிவப்பு. பூட்ஸ் சிவப்பு. அவள் குடித்துவிட்டு வைக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஐந்து சிவப்பு விரல்கள். என் வேலை கூழாங்கற்களை வாரி அப்புறப்படுத்துவது. மல்லிகைக்கும் துளசிக்கும் அடியில் கொட்டினேன். ஒன்றை வைத்துக்கொண்டேன், இளஞ்சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டது. கல்யாணமாகி வீடு மாறியபோது அது தொலைந்தது.

அகலத்தை அக்காவே தீர்மானித்தாள். கட்டைகளை விரித்து நின்றாள். அம்மா இரண்டு பக்கமும் அடையாளம் வைத்தாள். அதற்கு மேல் ஒவ்வொரு பக்கமும் ஆறு அங்குலம். நாலடி வந்தது. அப்பா கயிறு கட்டிக் கோடு இழுத்தார். கோணல். அதுவரை கோபமாக இருந்த அம்மா உள்ளே போய்க் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். வாசலிலிருந்து கேட் வரை, குனிந்த முதுகை ஒரு தடவைகூட நிமிர்த்தாமல், இரண்டு வெள்ளைக் கோடுகள் இழுத்தாள். அப்பா குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "எங்க ஆபீஸ் டிராஃப்ட்ஸ்மேனுக்கு வராது," என்றார். அம்மா அதைக் கேட்காததுபோல உள்ளே போனாள்.

அந்தக் கோட்டுக்குள் ஒரு சாண் ஆழம் தோண்டினார்கள். இரண்டு ஓரத்திலும் செங்கல்லை நிமிர்த்தி நட்டார்கள். அடியில் அக்காவும் மாசியும் உடைத்த செங்கல் ஜல்லி. அதன் மேல் வெளியிலிருந்து வந்த கருங்கல் ஜல்லி. அதன் மேல் கல்தூள். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். அலுவலகம் விட்டு வந்து சட்டையைக் கழற்றிவிட்டு அப்பா இடித்தார். ஜேட்டு குடலிறக்கத்தை மறந்து வந்தபோது அக்கா விரட்டிவிட்டாள். நடுவில் ஒரு விரல் உயரம் தூக்கலாக இருக்கட்டும், தண்ணீர் இரண்டு பக்கமும் வழியும் என்று மாசி சொன்னாள். கேட் ஓரத்தில் இரண்டடிச் சதுரம் சிமெண்ட்; அது அம்மாவின் கோலத்துக்கு. அதை யாரும் கேட்கவில்லை. அக்காதான் விடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. மறுநாள் ரத யாத்திரை. அன்று மழை பெய்யாமல் இருந்ததை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். எங்கள் மல்லிகைக் கொடி குளத்தில் நின்றது. பாதை மட்டும் முதலை முதுகு மாதிரி மேலே தெரிந்தது.

மழை விட்டதும் அக்கா வந்தாள். அம்மா, "நாற்காலி பக்கத்துல இருக்கட்டும். எதுக்கும்," என்றாள். எடுத்துவரப் போனேன். மாடிப்படிக்குக் கீழே எப்போதும் இருக்கும் இடத்தில் நாற்காலி இல்லை. மூங்கில்களும் இல்லை. கொல்லையில் பார்த்தேன், கரி அறையில் பார்த்தேன். திரும்பி வந்து இல்லை என்று சொன்னேன். அப்பா எல்லோர் முகத்தையும் பார்த்தார். அக்கா கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டை ஊன்றியது. கல் நகரவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் எண்ணினேன். ஒன்பதாவதில் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். ஒன்பது கடந்தது. இருபத்தேழாவதில் அக்கா கேட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்தாள். தேநீர்க் கடையில் நின்ற பையன்களைப் பார்த்து, "பல்லக்கு இன்னைக்கு லீவு," என்று வங்காளத்தில் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள், ஒருவன் கும்பிட்டான். ஜேட்டு வேலிக்கு அப்பால் ஏதோ ஸ்லோகத்தை ஆரம்பித்து, பாதியில் விட்டார். அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓரச் செங்கல் ரெண்டு ஆடறது, சரி பண்ணணும்," என்றார். ஒன்றும் ஆடவில்லை. நான் பிறகு போய் உதைத்துப் பார்த்தேன்.

ஜூலையில் கல்லூரி திறந்தது. கணிதம் படித்தாள், முப்பத்தைந்து வருஷம் கணிதம் கற்பித்தாள். அவ்வளவு வருஷமும் மழைக்காலத்தில் அந்தப் பாதை வழியாகத்தான் போனாள். இன்னொரு செய்தியையும் பதிவு செய்கிறேன். அந்த ஜூலையிலேயே அம்மா ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினாள். உடைந்த கல் வெறுங்காலுக்குக் கொஞ்சம் குத்தத்தான் செய்தது. கேட்டுக்குள் செருப்பு போடாத அம்மா, விடியற்காலையில் கோலக் கிண்ணத்தோடு செருப்புச் சத்தம் கேட்க நடந்துபோய், சிமெண்ட் சதுரத்துக்கு ஒரு முழம் முன்னால் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிவாள். கடைசி வரை அப்படித்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு அந்த மனையை அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கொடுத்தோம். அஸ்திவாரம் தோண்டியபோது நான் போய் நின்றேன். கடப்பாரை பாதையின் மேல் விழுந்து துள்ளியது. தோண்டியவர் நிமிர்ந்து, "இதை எந்த மிஸ்திரி போட்டான்?" என்று கேட்டார். ஒரு பதினாறு வயதுப் பெண் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆகவே கும்பகோணத்துக்குப் போன அட்டைக்குத் திருத்தம் இது: பாதை கூழாங்கல்லால் ஆனதல்ல, உடைந்த கல்லால் ஆனது. அதில் பாதியை உடைத்தவள் அதில் நடந்தவளே.

ஒன்று மீதமிருக்கிறது. நாற்காலி. அப்பா ஒரு மாதம் தேடினார். மாசி கேட்டு வாங்கிப் போயிருப்பாள் என்றாள் அம்மா. மாசி, "எனக்கு எதுக்கு பல்லக்கு?" என்றாள். கேட்டுக்கு அருகே தோண்டும்போது, செங்கல் ஜல்லிக்கு அடியில், விரல் கனத்தில் கருத்த நார் போன்ற ஒன்று நீளமாக வந்தது. கையில் எடுத்ததும் உதிர்ந்துவிட்டது. பிரம்பாக இருக்கலாம். மல்லிகை வேராகவும் இருக்கலாம். அக்காவுக்கு இப்போது எழுபத்தாறு. போன வாரம் தொலைபேசியில் நேரடியாகவே கேட்டேன்.

"உங்கிட்ட ஆதாரம் இருக்கா?" என்றாள்.

"இல்லை."

"அப்போ இல்லேன்னே எழுதிக்கோ."

எழுதிவிட்டேன். பாதை போட்ட அந்த ஒரு வாரத்துக்குள் நாற்காலி எங்கே போனது என்பது உறுதி செய்யப்படவில்லை.